விரல் பதிந்த மண்

பாலைவனத்து மணலுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கத் தெரியாது. ஆரோக்கியம் ஊற்றும் தண்ணீர், கறிவேப்பிலைக் கன்றின் வேரை நனைக்குமுன் எங்கோ இறங்கிவிடும். "நம்மூர்க் கரிசல் ஒரு கை கெடச்சா இது பொழச்சிரும்" என்று மனைவி லூர்துவிடம் போனில் புலம்புவான். ஊரில் அம்மா இறந்தபோது அடக்கத்துக்குப் போக அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த வாரம் ஊரிலிருந்து திரும்பிய அறை நண்பன் சேவியர், லூர்து கொடுத்ததாக மட்டும் சொல்லி ஒரு பொட்டலத்தைத் தந்தான். உள்ளே காய்ந்து இறுகிய கரிசல் உருண்டை. அதில் அவளுடைய நான்கு விரல்களும் பதிந்திருந்தன. ஆரோக்கியம் அதைச் சுத்தியலால் பொடித்து, மணலோடு கலந்து கன்றுக்கு இட்டான். கன்று துளிர்த்தது.

முப்பதாம் நாள் செபம் முடிந்து லூர்து கூப்பிட்டாள். "அந்த மண்ண என்ன செஞ்சீங்க?"

"கன்னுக்குத்தான் போட்டேன். நல்லா துளுத்துருச்சு."



"அது அத்த குழியில நீங்க போட வேண்டிய பிடி மண்ணுங்க. மூத்த மகன் பிடின்னு தனியா எடுத்து வச்சு, நீங்க தொட்டுத் திருப்பி அனுப்புவீங்கன்னு குடுத்து விட்டேன்."

அவன் கன்றின் அடியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினான். அத்தனையும் விரலிடுக்கில் வழிந்து போயிற்று.

"ரசத்துக்கு ரெண்டு எல கிள்ளிக்கிறேண்ணே" என்றபடி வெளியே வந்த சேவியர், துளிரை நோக்கிக் கையை நீட்டினான்.