டிராகனின் கடைசி அத்தியாயம்

"டிராகன் சாகப் போகுது கிரி! ஓடு!"

போனில் அப்சானா அலறினாள். பதினேழாவது முறை அடித்த பிறகுதான் கிரிதரன் எடுத்திருந்தான். அன்று யார் கூப்பிட்டாலும் பேசுவதில்லை என்று முடிவு செய்து, பழங்காநத்தத்து மாடி அறையைத் தாழிட்டுக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னக்கா சொல்றீங்க?"

"குரூப்பைப் பாக்கலையா நீ? 'இதுதான் என் கடைசி அத்தியாயம், எல்லாரும் நல்லா இருங்க'ன்னு போட்டிருக்காரு. கதைக்குள்ள இல்ல கிரி, நிஜத்துல!"

'ஏழாம் வாசல்' இணையக் குழுவில் அறுபத்திமூன்று பேர். பேசும் மலை, சாபம் வாங்கிய இளவரசி, தீ கக்கும் பறவை என்று மாயாஜாலக் கதைகளைப் படித்துப் பைத்தியமானவர்கள், தாங்களும் எழுதிப் பார்ப்பவர்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

அதில் 'கிழட்டு டிராகன்' என்ற பெயரில் மூன்று வருடமாகத் தொடர்கதை எழுதி வந்தவர் சிஹாபுதீன். திண்டுக்கல்லில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவர் கதையில் வரும் நாடுகளுக்கெல்லாம் வரைபடம் போட்டுக் கொடுத்தவன் கிரிதரன்.

போன வாரம் அந்த வரைபடங்களையும் தன் புத்தகங்களையும் பெட்டி பெட்டியாகக் கட்டி, குழுவில் ஆளுக்கொன்றாகக் கூரியரில் அனுப்பியிருந்தான். அனுப்புநர் முகவரியாக மதுரை என்று மட்டும் எழுதினான்; அவன் வீடு எங்கே என்று குழுவில் யாருக்கும் தெரியாது. டிராகனிடமிருந்து "வந்து சேந்துச்சு மாப்ள" என்று ஒரே வரியில் பதில் வந்தது. எதற்கும் நாலு பக்கம் எழுதுகிற மனிதர். அப்போதே என்னவென்று கேட்டிருக்க வேண்டும்.

"எங்க இருக்காரு?"

"ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு லாட்ஜ்ல, ரூம் முன்னூத்தி நாலு. லொகேஷன் அனுப்பிருக்கேன். மதுரையில நீ ஒருத்தன்தான் இருக்க. நான் கோயம்புத்தூர்ல இருந்து எப்ப வந்து சேர்றது?"

"போலீசுக்குச் சொல்லிருவமா?"

"அவங்க வந்து கதவை இடிச்சா பயத்துல ஏதாச்சும் பண்ணிக்கிருவாரு. நீ சொன்னா கேப்பாரு. ஓடு!"

செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினான்.

அவன் ஏறிய ஆட்டோ காளவாசல் பாலத்துக்குக் கீழே நெரிசலில் நின்றுவிட்டது. "கொஞ்சம் ஒதுங்கிப் போங்கண்ணே, ஒரு உயிர்ண்ணே!"

"எம்புட்டுத்தான் ஒதுங்குறது தம்பி? முன்னாடி பஸ்ஸு மறிச்சு நிக்கிதுல்ல!"

"போனை மட்டும் வச்சிராத கிரி. பேசிக்கிட்டே வா," என்றாள் அப்சானா.

கிரிதரன் ஆட்டோவிலிருந்து குதித்தான். மத்தியான வெயிலில் தார் ரோடு உள்ளங்காலைச் சுட்டது. வண்டிகளுக்கு நடுவே புகுந்து ஓடி லாட்ஜுக்குள் நுழைந்தபோது மூச்சு முட்டியது.

"முன்னூத்தி நாலா? காலையில கதவைச் சாத்துனதுதான், இன்னும் திறக்கலையே," என்றார் வரவேற்பில் இருந்தவர்.

மூன்று மாடியும் ஏறி, கதவைப் படபடவென்று தட்டினான்.

"அண்ணே! நான் கிரிதரன்! கதவைத் திறங்கண்ணே!"

உள்ளேயிருந்து கரகரத்த ஒரு குரல் வந்தது. "போயிரு மாப்ள."

"போக மாட்டேன்ணே."

"நான் இல்லேன்னா யாருக்கு என்ன? நாலு நாள் பேசுவாக. அப்புறம் மறந்துருவாக."

கிரிதரன் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டான்.

"மறக்க முடியாதுண்ணே. எங்கம்மா செத்த அன்னிக்கு வந்தவங்க எல்லாம் போயிட்டாங்க. நீங்கதான் ஒவ்வொரு வரியா கதை எழுதி அனுப்பிக்கிட்டே இருந்தீங்க, நான் தூங்குற வரைக்கும். அதை எப்பிடிண்ணே மறக்குறது?"

உள்ளே யாரோ விசும்புவது கேட்டது.

"எம்புட்டுக் கஷ்டமா இருந்தாலும் ஒருத்தர்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்லண்ணே! ஒரு வார்த்தை!"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீக?"

"வந்திருப்போம்ணே! எங்க இருந்தாலும் கிளம்பி வந்திருப்போம். எல்லாரும்!"

"நிசமாவா சொல்ற?"

"சத்தியமாண்ணே!" போனைக் கதவோடு சேர்த்துப் பிடித்தான். "அக்கா, நீங்களே சொல்லுங்க!"

"வந்திருப்போம் கிரி," என்றாள் அப்சானா.

அதே குரல், அதே நேரத்தில், கதவுக்கு உள்ளேயிருந்தும் கேட்டது.

தாழ்ப்பாள் விலகியது.

சின்ன அறை. கட்டிலிலும் தரையிலும் ஜன்னலோரத்திலும் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்பது பேர். பஸ்ஸில் கசங்கிய உடைகள், மூலையில் குவிந்த பைகள். போனைக் காதில் வைத்தபடியே அழுதுகொண்டிருந்தாள் ஒரு பெண்.

வாசலில் நின்ற நரைத்தாடிக்காரரின் கையைக் கிரிதரன் இறுகப் பற்றினான்.

"அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

சிஹாபுதீன் அவனை உள்ளே இழுத்து அணைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மாப்ள. நீ அனுப்புன பெட்டிகளப் பாத்து நாங்க பயந்துட்டோம். நீ சாகக் கூடாதுன்னுதான் நாங்க வந்திருக்கோம்."