சீசரின் கருவாட்டு டின்

"முந்தானையை அவிழ்!"

தெய்வநாயகி போட்ட சத்தத்தில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன.

வேலைக்காரி ஆதியம்மாள் அவிழ்த்தாள். உள்ளே இரண்டு கை நிறைய நெத்திலிக் கருவாடு.

"என்னங்க, இங்க வந்து இந்தக் கூத்தைப் பாருங்க. சீசரோட சாப்பாட்டைத் திருடறா!"

கேசவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பின்கட்டுக்கு ஓடி வந்தார்.

கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. கேசவன் அங்கே என்ஜினீயர். பதவி உயர்வு வந்த கையோடு, மேலதிகாரி நடத்தும் பஜனைக் கோஷ்டியில் சேர்ந்து, குடும்பத்தோடு சைவமாகிவிட்டார். அந்த வீட்டில் கருவாடு தின்ன அனுமதி உள்ள ஒரே ஜீவன் அல்சேஷன் சீசர்தான்.

அதற்கு அவர் செய்திருந்த ஏற்பாட்டை டவுன்ஷிப்பே வந்து பார்த்துவிட்டுப் போனது. சதுரங்கப்பட்டினம் கருவாட்டுக்காரி மாரியம்மாவிடம் மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாக வாங்கி, மறுபடி வெயிலில் உலர்த்தி, காய்ந்த வேப்பிலை தூவி, பெரிய தகர டின்னில் கொட்டிவிடுவார். டின் செங்கல் மேல் நிற்கும். செங்கல் தண்ணீர்த் தட்டில் நிற்கும். மூடிக்குப் பூட்டு வேறு. பக்கத்து டின்னில் நொய்யரிசி. ஈரம், எலி, எறும்பு, பூனை எதுவும் கிட்டே வர முடியாது. அவரிடம் ஒரு சாவி, தெய்வநாயகியிடம் ஒரு சாவி. காலையில் அம்மாவிடம் சாவி வாங்கித்தான் ஆதியம்மாள் சீசருக்கு எடுத்து வைப்பாள்.

இன்றைக்கு மூடி திறந்திருக்க, முந்தானை முடிச்சோடு பிடிபட்டுவிட்டாள்.

"வாயில்லா ஜீவன் வயித்துல அடிக்கிறியே, உனக்கே நல்லா இருக்கா?" என்றார் கேசவன்.

"நான் திருடல ஐயா."

"பின்ன முந்தானையில இருக்கறது என்ன?"

ஆதியம்மாள் அவரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். திறந்திருந்த ஜன்னல்களையும் ஒரு தடவை பார்த்தாள்.

"பார்த்தீங்களா, பேச்சு வரலை!" என்றாள் தெய்வநாயகி, ஜன்னல்களுக்கும் கேட்கும்படி.

"வேலைய மட்டும் எடுத்துடாதீங்கம்மா. மழைக்காலம், கட்டுமரம் எறங்கல. இத்த வுட்டா எங்க வூட்ல அடுப்பு எரியாது."

"நாய்ச் சோத்துல கை வச்சவளுக்கு இந்த வீட்டுல வேலை கிடையாது. போ."

போய்விட்டாள்.

சாயங்காலம் பஜனை முடிந்ததும் கேசவன் நடந்ததை விஸ்தாரமாகச் சொன்னார். மேலதிகாரி உச்சுக் கொட்டினார். "உம்மை மாதிரி ஜீவகாருண்யம் யாருக்கு வரும்?" என்றார். கேசவனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் ஒரு விஷயம் உதைத்தது. திருடியைத் துரத்திய பிறகுதான் திருட்டு ஜாஸ்தியாயிற்று. மாதம் முழுக்க வரவேண்டிய கருவாடு பாதி மாதத்திலேயே தீர்ந்துகொண்டிருந்தது. டின்னின் அடியும் சீசரின் விலா எலும்பும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தன. வெறும் நொய்க் கஞ்சியை மோந்து பார்த்துவிட்டு அது ஊளையிட்டது.

கேசவன் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். அவர் எடுப்பது என்னவோ ஒரு பிடிதான். ஸ்கூட்டர் பெட்டியில் பொட்டலமாக வைத்து எடுத்துப் போய், சதுரங்கப்பட்டினம் கோட்டைப் பக்கத்து டீக்கடையில் வறுத்துத் தரச் சொல்வார். தன் டின்னில், தன் நாயிடமிருந்து ஒரு பிடி எடுப்பது திருட்டில் சேருமா?

மறுபடி கருவாடு கொண்டுவரும்படி மாரியம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். அவள் வருகிற அன்று, தலைவலி என்று சொல்லி மத்தியானமே வீட்டுக்கு வந்தார்.

சமையலறை ஜன்னலெல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தது. வாசனை மட்டும் வாசல்வரை வந்து அவரை வரவேற்றது.

தெய்வநாயகி அவசரமாகத் தட்டை மறைத்தாள். "சீசருக்குத்தாங்க. வறுத்துப் போட்டா நல்லா சாப்பிடுது."

"சீசருக்கு ரசம் சாதமும் வேணுமாமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கேசவன் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி, எனக்கும் ரெண்டு வை."

பாதி சாப்பாட்டில் பின்பக்கம் குரல் கேட்டது.

"கருவாடு கொணாந்துகிறேன் சாரு!"

கேசவன் வாயைத் துடைத்துக்கொண்டு போய்ப் பின்கதவைத் திறந்தார்.

"இன்னா சாரு, அதுக்குள்ள காலியா?" என்றாள் மாரியம்மா.

"என்ன பண்றது? உங்க ஊர்க்காரி ஆதியம்மா பாதியைத் திருடித் தின்னுட்டா."

கூடையை இறக்கப் போன மாரியம்மா அப்படியே நின்றாள்.

"ஆதியம்மாவா? அது என் பக்கத்து வூடு சாரு. மழைக்காலத்துக்குன்னு தன் வூட்டுப் பானையில சேத்து வச்சிருந்த நெத்திலிய முந்தானையில முடிஞ்சிகினு வந்து, உங்க டின்னுல கொட்டிகினு இருந்துச்சு."

"எங்க டின்னுலயா? எதுக்கு?"

மாரியம்மா காற்றில் வந்த வாசனையை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். அவர் உதட்டோரத்து எண்ணெயையும் பார்த்தாள்.

"நானும் அதான் கேட்டேன் சாரு. 'ஐயா டீக்கடையில துண்றாரு, அம்மா அடுப்பங்கரையில துண்றாங்க. வெளிய சொன்னா அவங்க மானம் பூடும், கம்முனு இருந்தா நாய் செத்துடும், நான் இன்னா பண்றது'ன்னு அழுதுச்சு."