பழசு இல்லாத வாயு

இறால் வாடையைத் தாண்டி அது மூக்கில் ஏறியது.

சமையல் வாயு.

அவள் எந்திர அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மெக்கானிக் லூர்தையா குளிரூட்டும் குழாயில் அதைத்தான் ஏற்றிக்கொண்டிருந்தார். சிலிண்டருக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். அடியில் சிவப்பு தெரிந்தது.

அந்தக் குளிர்பதனக் கிடங்கில் தரக்கட்டுப்பாடு அவள் பொறுப்பு. குளிரூட்ட இதுவரை போட்டுவந்த பழைய வாயு ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று படிப்படியாக நிறுத்தி வருகிறார்கள். இனி அதை நிரப்பக் கூடாது, எந்திரத்தையே மாற்றிவிடுங்கள் என்று முதலாளியிடம் அவள்தான் சொல்லியிருந்தாள். ஒழுகும் குழாய்களையும் காட்டியிருந்தாள்.

முதலாளி சவுந்தரபாண்டி பின்னால் வந்து நின்றார். வாயில் பாக்கு.

"சட்டம் பழைய கேஸத்தான போடக்கூடாதுங்கு. இது பழசு இல்லல்லா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பல்லெல்லாம் சிவப்பு.

அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பொறி போதும்.

லூர்தையாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

எந்திரத்தை நிறுத்த அவள் கை சுவிட்சுக்குப் போனது. பொறி அதிலிருந்தே பறக்கலாம். கையை இழுத்துக்கொண்டாள்.

உரிப்புக் கூடத்துக்கு ஓடி, கதவுகளை விரியத் திறந்தாள். போனைத் தொடாமல், எதையும் அணைக்காமல் வெளியே வரச் சொன்னாள். யாருக்கும் மனமில்லை. கூலி கூடைக் கணக்கில். ஜெசிந்தா என்பவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

வெயிலில், மதிலோரம் நின்றார்கள்.

சவுந்தரபாண்டி வந்தார். சரக்கு உருகுகிறது என்றார். இப்போது உள்ளே போகாதவர்கள் நாளைக்கு வர வேண்டாம் என்றார்.

சிலர் கதவை நோக்கி நகரத் தொடங்கினார்கள். ஜெசிந்தாவும்.

லூர்தையா எப்போதோ கேட்டுக்கு வெளியே போய் நின்றிருந்தார்.

அவள் பெண்களை முந்திக்கொண்டு கதவருகே போய், ஒதுங்கி முதலாளிக்கு வழிவிட்டாள்.

"மொதல்ல நீங்க போங்க சார். அந்த மிஷின் பக்கத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க. பொறவு நாங்க வாறோம்."

சவுந்தரபாண்டி கதவைப் பார்த்தார்.

பாக்கைத் துப்பினார். கர்ச்சீப்பால் வாயைத் துடைத்தார். கர்ச்சீப்பை மடித்தார்.

பெண்கள் அவருடைய செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவை நகரவில்லை.

ஜெசிந்தா கையுறையை உருவத் தொடங்கினாள், ஒவ்வொரு விரலாக.