பூனை தேடப் போன மருமகன்

இன்று பின்னேரம் வீட்டில் இருந்தவர்கள்: மாமி, நான், போனில் குவைத்திலிருந்து என் மனைவி வதனி. மாமியின் பூனை மட்டும் இல்லை.

"இண்டைக்கும் அவரை அனுப்புங்கம்மா, தேடட்டும்," என்றாள் வதனி.

நான் குடிக்கத் தொடங்கியதிலிருந்து வாசல் கதவுச் சாவி மாமியின் இடுப்பில்தான். பூனை தொலைந்த இந்த மூன்று நாளும் பின்னேரத்தில் திறந்துவிட்டார். வாவிக்கரை வரை போய் வருவேன்.

"ஊதுங்க மருமகன்," என்று வாயை மோந்து பார்த்த பிறகே உள்ளே விடுவார். மூன்று நாளும் நான் குடிக்கவில்லை.

இன்று மாமி கதவைத் திறந்தபோது, அடுத்த தெருக் கேதீஸ்வரி பூனையோடு நின்றாள்.

"எங்க கிடந்தது, பிள்ளை?" என்றார் மாமி.

"எங்கட வீட்டதான் மாமி. ஒரு கிழமை வெச்சிருக்கச் சொல்லி உங்கட மருமகன்தான் ஜன்னலால தந்தவர். நாங்க நாளைக்குக் கிரானுக்குப் போறம்."

மாமி பூனையை வாங்கிக்கொண்டார்.

"இனி வெளிய என்ன வேலை? உள்ள போங்க மருமகன்."

போனேன். பின்னால் கதவு சாத்திப் பூட்டப்பட்டது.