ஓவியம் என்றால் வகுத்தல்

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். புதிதாக வேலைக்கு வந்திருந்த ஓவிய ஆசிரியை ரெஜினா ஆறாம் வகுப்புக்குள் நுழைந்ததும், "எல்லாருக்கும் ஓவியம் பிடிக்குமா?" என்று கேட்டாள். முன் பெஞ்சில் இருந்த சுடரொளிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு ஓவியமே வராது மிஸ். வகுத்தல்ல மீதி வந்தா குழம்பிடுவேன்."

ரெஜினாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் வகுப்பில் பாடம் நடத்தும் பேசும் திரைச்சுவர் விழித்துக்கொண்டு, "ஓவிய பீரியட். நானூற்றுப் பன்னிரண்டை ஏழால் வகுக்கவும்" என்றது.

"இது கணக்கு. நான் ஓவியம் நடத்த வந்திருக்கேன்."

"இந்தப் பள்ளியில் ஓவிய பீரியட்டைக் கணக்கு ஆசிரியர்கள் வாங்கி எப்போதும் இதைத்தான் நடத்தினார்கள் மிஸ். அதைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்."

சுவரோடு என்ன வாக்குவாதம்? கொண்டுவந்த சார்ட் தாள்களை ரெஜினா அதன்மேல் முழுக்க ஒட்டினாள். தாளுக்குப் பின்னாலிருந்து அது வகுத்துக்கொண்டே இருந்தது.

"அது பாட்டுக்குக் கத்தட்டும். நீங்க வாங்க" என்று பிள்ளைகளை அழைத்து வண்ணக் கிண்ணங்களைத் திறந்தாள்.

பள்ளி விட்டதும் சுடரொளியின் அம்மா வாசலில் ரெஜினாவைப் பிடித்துக்கொண்டாள். "ஓவியம்னாலே அழுதுக்கிட்டு வருவா மிஸ். இன்னைக்குச் சிரிச்சுக்கிட்டு வர்றாளே! வகுத்தல் வந்திருச்சா?"

முழங்கைவரை நீலமாயிருந்த சுடரொளியின் கையை ரெஜினா தூக்கிக் காட்டினாள். "இதுதாங்க ஓவியம்."

அம்மா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நானும் இதே பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன். எங்களுக்கு இதை நடத்தவே இல்லையே மிஸ்."

"அடுத்த வெள்ளிக்கிழமை நீங்களும் வாங்க" என்றாள் ரெஜினா. "பழைய சேலையா கட்டிக்கிட்டு வாங்க."