ஊதா அங்கிக்கு அளவு

மடத்துத் தலைவர் சாமி வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றார்.

வயிறு அவ்வளவாக இணங்கவில்லை. அந்த மடத்தில் அவர் சொல்லைக் கேட்காத ஒரே உறுப்பினர் அதுதான்.

கீழே மண்டியிட்டு மடிப்பு குத்திக்கொண்டிருந்த பிரதருக்கு வாய் நிறையக் குண்டூசி. மடத்தின் தையல்காரர் அவர். பூசை வைக்க முடியாது, பிரசங்கம் செய்ய முடியாது. ஆனால் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று சாமியார்கள் கொடுக்கும் அதே வார்த்தைப்பாட்டை அவரும் கொடுத்திருந்தார். அதில் ஏழ்மையும் கீழ்ப்படிதலும் பெரும்பாலும் பிரதர்கள் பங்குக்கே வந்து சேரும்.

கதவுக்குத் தாழ்ப்பாள். ஜன்னலுக்குத் திரை. ஏனென்றால் தைப்பது ஊதா அங்கி. ஆயர்கள், அதாவது பிஷப்புகள், போடுவது.

தலைவர் சாமி இன்னும் ஆயராகவில்லை. ஆகப்போகிறார் என்று ஒரு வதந்தி. கிளப்பியது யாரென்று மடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆள் இப்போது கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார்.

அவரை விட்டால் வேறு யார்? நூலகத்துச் சாமியா? ஆறடிக்கு மேல் வளர்ந்து, வாயே திறக்காமல், கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை ஒட்டுகிறவர். அவருக்கு ஒட்டடைக்கம்பு என்று பெயர் வைத்ததே தலைவர் சாமிதான்.

பிள்ளை பிறக்கும் முன்னே தொட்டில் கட்டக் கூடாது என்பார்கள். தலைவர் சாமி தொட்டில் துணியைப் பல வருடங்களுக்கு முன்பே வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்து கட்டிலுக்கடியில் வைத்திருந்தார்.

ஊதாவின் கழுத்துக்குள் சாம்பல் நிற ஸ்வெட்டர் எட்டிப் பார்த்தது. பிரதரின் அக்கா தம்பிக்குப் பின்னி அனுப்பியது. பார்சலைப் பிரித்த அன்றே தலைவர் சாமி பிரசங்கம் வைத்துவிட்டார். துறவிக்குச் சொந்தமென்று எதுவும் கிடையாது. சபையில் எல்லாம் எல்லோருக்கும் பொது. யாருக்குத் தேவையோ அவருக்கு.

அந்தக் குளிருக்குத் தேவை அவருக்கு இருந்தது. அதற்கடுத்த குளிர்களுக்கும்.

அந்த அக்கா இப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தம்பியை ஒருதரம் பார்க்க வேண்டும் என்பதே பேச்சு. தலைவர் வாயால் ‘போ’ என்று வராமல் பிரதர் வாசலைத் தாண்ட முடியாது. முதலில் கேட்டபோது, துறவிக்கு ஏது அக்கா என்றார். அடுத்து, செபியுங்கள் என்றார். கடைசியாகக் கேட்டபோது, அங்கி முடியட்டும் என்றார்.

பிரதர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நண்பகல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊசிகளை உள்ளங்கையில் உமிழ்ந்தார்.

“அக்காவப் பாத்துட்டு வந்துடறேன் சாமி. நாள் கடத்தாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாராம்.”

தலைவர் சாமி இடப்பக்கம் திரும்பினார். வலப்பக்கம் திரும்பினார். கையை உயர்த்திக் கண்ணாடிக்குள் இருந்தவரை ஆசீர்வதித்துப் பார்த்தார். கருணை தானாகச் சுரந்தது.

“போயிட்டு வாங்க பிரதர். பத்து நாள் இருந்துட்டே வாங்க. நாமளும் மனுசங்கதானே?”

கூடவே, கீழே ஏன் இவ்வளவு துணியை மடித்து விட்டிருக்கிறது என்றும் கேட்டார். நல்ல துணி, வெட்ட மனசு வரவில்லை என்றார் பிரதர்.

மேஜைமேல் செல்போன் அடித்தது. ஆயர் இல்லத்திலிருந்து. ‘ஹலோ’ சொன்ன குரலுக்கு ஏற்கெனவே ஊதா நிறம் வந்திருந்தது.

ரோமாபுரியிலிருந்து அறிவிப்பு வந்துவிட்டதாம். புது ஆயர் இந்த மடத்திலிருந்துதானாம். நூலகத்துச் சாமியாம்.

ரொம்பச் சந்தோஷம் என்று தலைவர் சாமி திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது. இழுத்துப் பிடித்திருந்த வயிறு மெல்ல வெளியே வந்தது.

அங்கியைக் கழற்றி வெட்டுமேஜையில் போட்டுவிட்டு, ஸ்வெட்டர்மேல் தன் பழைய வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, வாழ்த்துச் சொல்லப் போனார். கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்கு ஞாபகம் வரவில்லை.

பிரதர் ஒரு நூலை இழுத்தார். கீழ் மடிப்பு அவிழ்ந்து இறங்கியது. இன்னும் இரண்டு நூல். வயிற்றுக்கென்று பக்கவாட்டில் கையால் ஓட்டியிருந்த பட்டைகள் கழன்று விழுந்தன. இனி இரண்டு பக்கமும் மெஷினில் ஓட்டினால் முடிந்தது. பஸ்ஸுக்கு நேரமிருந்தது.

போன மாதம் நூலகத்துச் சாமி நிலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, அளவு எடுக்கச் சொல்லியிருந்தார். ரோமாபுரியிலிருந்து தனக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள், இன்று நண்பகல் அறிவிக்கும்வரை யாருக்கும் தெரியக் கூடாது என்றார். துணிக்கு எங்கே போவது என்றுதான் அவருக்குக் கவலை.

அப்போது தலைவர் சாமியின் ஊதாத் துணி இதே மேஜையில்தான் இருந்தது. இன்னும் கத்தரி படவில்லை.

“கவலையே படாதீங்க சாமி,” என்றார் பிரதர், நாடாவை அவர் தோளிலிருந்து தரைவரை இறக்கியபடி. “சபையில எல்லாம் எல்லாருக்கும் பொதுதானே. யாருக்குத் தேவையோ அவருக்கு.”