பூட்டாத லாச்சி

"மாயாண்டிதான் எடுத்திருப்பான். இன்ஸ்பெக்டர், முதலில் அவனை ஜீப்பில் ஏற்றுங்கள்!"

துரை இங்கிலீஷில் கத்தினார். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

காணாமல் போனது அவருடைய கைத்துப்பாக்கி. ஆறு தோட்டாவையும் போட்டு, ஆபீஸ் அறை மேசையின் இழுப்பு லாச்சியில் வைத்திருந்தார். இப்போது லாச்சியில் ஒரு மூக்குக்கண்ணாடியும் இரண்டு பென்சிலும்தான் கிடந்தன.

இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. துரை சீமையிலிருந்து வந்து இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவருக்கும் தோட்டத்துச் சங்கத் தலைவர் மாயாண்டிக்கும் ஏழாம் பொருத்தம்.

இன்ஸ்பெக்டர் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார். பங்களா வாசலில் நின்ற மாயாண்டியின் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்கு என்ன நடந்தது? உள்ளதைச் சொல்லு."

"மத்தியானம் முப்பது பேரு வாசலுக்கு வந்தோமுங்க. கொழுந்து நிறுக்கையில ராத்தல் குறையுதுன்னு கேட்டதுக்கு, அழகன் குடும்பத்தையே தோட்டத்தை விட்டுப் போகச் சொல்லிட்டாரு தொரை. நேத்துக் காலையில வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுலயே கேட்டோம், ஏசி வெரட்டினாரு. அதான் இன்னைக்கு ஞாயம் கேட்க வந்தோம். வாசப்படி தாண்டலைங்க. மாரியம்மா மேல சத்தியம்."

"தொரை என்ன செஞ்சார்?"

"கத்தினாரு. விறுவிறுன்னு உள்ளுக்குப் போனாரு. ரொம்ப நேரம் கழிச்சு வெறுங்கையோட வந்தாரு. அப்புறம் என்னவோ, தணிஞ்சு பேசினாரு. அழகன் விசயத்தைத் திரும்ப விசாரிக்கிறேன்னும் சொன்னாரு."

இன்ஸ்பெக்டர் துரையைப் பார்த்தார். "உள்ளே எதற்குப் போனீர்கள்?"

"துப்பாக்கியை எடுக்கத்தான். முப்பது பேருக்கு முன்னால் நான் ஒருவன். சும்மா கையில் இருக்கட்டும் என்று..."

"சும்மாவா?"

"எனக்கு லைசன்ஸ் இருக்கிறது! லைசன்ஸ் வைத்திருப்பவனால் யாருக்கு என்ன ஆபத்து? திருடியவன் கையில் இருக்கிறதே, அதுதான் ஆபத்து."

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. இன்ஸ்பெக்டர் மாயாண்டியின் தோளில் கைவைத்தார். மாயாண்டியின் மனைவி அம்மாக்கண்ணு, "ஐயோ, எங்க வீட்டு ஆளு எடுக்கலைங்க சாமி!" என்று கும்பிட்டபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் சமையலறைப் பக்கமிருந்து பங்களாச் சமையற்காரர் வந்தார். பங்களாச் சமையல் வேலை என்பதால் எல்லாரும் 'அப்பு' என்று கூப்பிடுகிறவர். கையில் மாவு ஒட்டியிருந்தது.

"மாயாண்டியை விட்டுருங்கய்யா. துப்பாக்கி ஸ்டோருல பூசையில இருக்கு. நான்தான் காலையில கொண்டுபோய் வச்சேன்."

"பூசையிலா?"

"இன்னைக்கு ஆயுத பூசைங்களே. எல்லா ஆயுதமும் சாமி முன்னால இருக்கையில தொரையோடது மட்டும் ஒதுங்கிக் கிடந்தா நல்லாவா இருக்கும்?"

எல்லாரும் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்கு இறங்கினார்கள். மெஷின்களுக்கெல்லாம் சந்தனப் பட்டை அடித்திருந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, ஸ்பேனர் என்று வரிசை. ஓரத்தில் சிவப்புத் துணியில் ஒரு பொட்டலம்.

இன்ஸ்பெக்டர் பிரித்தார். உள்ளே கைத்துப்பாக்கி. குழலில் சந்தனம், குங்குமம், மேலே ஒரு சாமந்திப் பூ. கழற்றிய ஆறு தோட்டாவும் ஒரு வெற்றிலையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன!

பக்தி முற்றிப்போனால் மனுசன் என்னதான் செய்யமாட்டான்?

"ஏன்யா, இதை முதல்லயே சொல்லித் தொலையக் கூடாதா? ஒரு அப்பாவி மனுசன் ஜெயிலுக்குப் போயிருப்பானே!" என்று ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் தலையில் அடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்கய்யா. பூசையில வச்சதை நாளைக்குத்தான் எடுக்கணும்பாங்க. அதான் பேசாம இருந்தேன்."

கூட வந்திருந்த லயத்துக் குடியிருப்பு ஜனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

துரைக்குக் கோபம் போய்ச் சிரிப்பே வந்துவிட்டது. "சுத்த மடையன் நீ!" என்று தமிழிலேயே சொன்னார். மாயாண்டியின் முகத்தைப் பார்க்காமல், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாக இன்ஸ்பெக்டரிடம் முனகினார்.

"நல்லது. ஆனால் நீங்கள் இதைப் பூட்டி வைத்திருக்க வேண்டும். சமையற்காரர் எடுக்கிற இடத்தில் யாரும் எடுக்கலாம். பூட்டுப் போட்ட பெட்டி வரும்வரை இது ஸ்டேஷனிலேயே இருக்கட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

துரை தலையாட்டினார். வேறு என்ன செய்வார்?

எல்லாரும் கலைந்து போனார்கள். வாக்குமூலம் எழுத இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தை விரித்தார்.

"பேரு?"

"அப்புங்க."

"அது வேலை. உங்க அப்பா அம்மா வச்ச பேரு?"

"இக்னேசியஸ்ங்க."

பேனா நின்றது. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"வேதக்காரரா?"

"ஆமாங்கய்யா. ஞாயித்துக்கிழமை மாதா கோயில் பூசை தவற விடமாட்டேன்."

"அப்புறம் உங்களுக்கு ஏதுய்யா ஆயுத பூசை?"

அவர் கையிலிருந்த மாவை வேட்டியில் துடைத்துக்கொண்டார். குரல் தணிந்தது.

"தொரைக்குக் கோவம் வந்தா கை லாச்சிக்குத்தாங்க போவும். லயத்து ஆளுங்களும் இன்னைக்கு வர்றதாப் பேசிக்கிட்டாங்க. வேற எங்க ஒளிச்சாலும் திருட்டும்பாங்க. பூசையில வச்சா, மடத்தனம்னு விட்டுருவாங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"மாயாண்டிக்கு நாலு புள்ளைங்க. தொரைக்குச் சீமையில ரெண்டு. ஆறு புள்ளைங்களுக்காக ஒரு நாள் சரஸ்வதியைக் கும்பிட்டா, மாதா கோவிச்சுக்க மாட்டாங்கய்யா."